புது மானிட்டர் வாங்கியும் ஆட்டம் மாறவில்லையா? எஃப்.பி.எஸ்., திரை செட்டிங்ஸ் வழிகாட்டி

போன தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், மீதி நேரத்தில் வாலரண்ட் ஆடுகிறான். வந்ததும் வராததுமாக என்னைக் கணினி முன்னால் இழுத்துக்கொண்டு போனான். "மாமா, நாலு மாசமா காசு சேர்த்து 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். பழசுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல. கடையில ஏமாத்திட்டாங்களா?"

மவுஸை வாங்கி, டெஸ்க்டாப்பில் அம்புக்குறியை வேகமாக வட்டம் சுற்றினேன். அம்புகள் இடைவெளி விட்டுவிட்டு, கோலத்துக்கு வைத்த புள்ளிகள் போலத் தனித்தனியாகத் தெரிந்தன. 144 ஹெர்ட்ஸில் ஓடும் திரையில் அந்தப் புள்ளிகள் இரண்டு மடங்குக்கும் மேல் நெருக்கமாக விழும். சந்தேகப்பட்டு விண்டோஸ் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால், ரெஃப்ரெஷ் ரேட் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. "யாரும் ஏமாத்தலடா. புது மானிட்டர் வந்திருக்குன்னு விண்டோஸுக்குத்தான் யாரும் சொல்லல" என்று மாற்றிக் கொடுத்தேன். ஒரு டெத்மேட்ச் (எல்லோரும் எல்லோரையும் சுடும் பயிற்சி ஆட்டம்) தொடங்கினான். முதல் மூலையில் திரும்பியதுமே "மாமா, சும்மா வழுக்கிட்டுப் போகுது" என்றான்.

இப்படிப் பலர் இருக்கிறார்கள். வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டிச் சுடும் விளையாட்டுகளைக் கணினியில் ஆடத் தொடங்குகிறவர்கள், முதலில் விளையாட்டுக்குள் போய் எல்லா கிராஃபிக்ஸையும் 'லோ' என்று வைக்கிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் திரை, அப்புறம் கணினி, அதற்கப்புறம்தான் விளையாட்டு. அந்த வரிசையிலேயே போவோம்.

இரண்டு எண்கள், இரண்டு வேலைகள்

எஃப்.பி.எஸ். என்பது உங்கள் கணினி ஒரு விநாடியில் எத்தனை படங்களை வரைந்து முடிக்கிறது என்பதன் கணக்கு. ஹெர்ட்ஸ் என்பது உங்கள் மானிட்டர் ஒரு விநாடியில் எத்தனை முறை திரையைப் புதுப்பிக்கிறது என்பதன் கணக்கு. கணினி 250 படங்கள் வரைந்தாலும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் விநாடிக்கு 60 முறைதான் திரையை மாற்றும். கணினி 70 படங்கள்தான் வரைகிறது என்றால், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் பழைய படத்தையே திரும்பக் காட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

ஒரு கதவிடுக்கைப் பார்த்துக் குறி வைத்து நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக்கின் டஸ்ட் 2 வரைபடத்தில் இருக்கும் மிட் கதவு ஆடியவர்களுக்கெல்லாம் தெரியும். எதிரி அந்த இடைவெளியை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடக்கிறான் என்றால், 60 ஹெர்ட்ஸ் திரை அவனை 6 படங்களில் காட்டும். 144 ஹெர்ட்ஸ் திரை 14 படங்களில் காட்டும். 240 ஹெர்ட்ஸ் திரை 24 படங்களில் காட்டும். உங்கள் கை வேகம் அதேதான், கண்ணுக்குக் கிடைக்கும் தகவல்தான் கூடுகிறது. எதிரி ஓடுகிறானா, நின்றுவிட்டானா, திரும்புகிறானா என்பது 6 படங்களில் தெளியாது, 14 படங்களில் தெளியும்.

பணம் செலவழிக்கும் முன் இன்னொரு கணக்கையும் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லி விநாடி. 144-இல் அது 6.9. 240-இல் 4.2. 360-இல் 2.8. அதாவது 60-இலிருந்து 144-க்குப் போகும்போது கிட்டத்தட்ட 10 மில்லி விநாடி மிச்சம். 144-இலிருந்து 240-க்குப் போனால் 3 கூட இல்லை. 240-இலிருந்து 360-க்கு ஒன்றரைதான். அதனால் புதிதாக ஆடத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: 144 அல்லது 165 ஹெர்ட்ஸ், 24 அங்குலம், 1080 தெளிவு (1920க்கு 1080 புள்ளிகள்). அதற்கு மேல் பணம் இருந்தால் பிராசஸருக்கும் ரேமுக்கும் போடுங்கள்.

முதலில் திரை

மேசைக்குப் பின்னால் குனிந்து கேபிளைப் பாருங்கள். மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் செருகியிருக்க வேண்டும். கேபினெட்டின் பின்புறம் மேல்பகுதியில், யு.எஸ்.பி. துளைகளுக்குப் பக்கத்தில் இருப்பது மதர்போர்டின் துளை. கீழே கிடைமட்டமாக, தனி வரிசையில் இருப்பதுதான் கிராஃபிக்ஸ் கார்டின் துளை. மதர்போர்டில் செருகியிருந்தால் பெரும்பாலும் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸில்தான் எல்லாம் ஓடும், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். கணினியைத் தாங்களே பாகம் பாகமாகச் சேர்த்துக்கொள்கிறவர்கள் அதிகம் செய்கிற தவறு இது.

அடுத்தது கேபிளின் வகை. டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 வகைத் துளை 1080 தெளிவில் பெரும்பாலும் 120 ஹெர்ட்ஸ் வரைதான் தரும். சில மானிட்டர்களில் டிஸ்ப்ளே போர்ட்டில் 165 வரும், அதே மானிட்டரின் எச்.டி.எம்.ஐ.யில் குறைவாகவே வரும். பெட்டிக்குள் எந்தக் கேபிள் இருந்தது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், மானிட்டரின் கையேட்டில் ஒவ்வொரு துளைக்கும் உச்சம் எவ்வளவு என்று போட்டிருக்கும்.

இப்போது விண்டோஸ். செட்டிங்ஸுக்குள் சிஸ்டம், அதற்குள் டிஸ்ப்ளே, அதில் கீழே அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்கே ரெஃப்ரெஷ் ரேட்டுக்கு ஒரு பட்டியல் இருக்கும். இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மானிட்டர் வைத்திருந்தால் மேலே எந்த மானிட்டர் தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். பட்டியலில் 144 காட்டவே இல்லை என்றால் காரணம் கேபிள், துளை, டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சில மானிட்டர்களில் அதன் சொந்த மெனுவுக்குள் போய் உச்ச வேகத்தை இயக்கவும் வேண்டும்.

மாற்றியது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க, பிரவுசரில் டெஸ்ட் யு.எஃப்.ஓ. என்று தேடித் திறங்கள். ஒரு பறக்கும் தட்டு இடமிருந்து வலமாக ஓடும், உங்கள் திரையின் வேகமும் எண்ணாகத் தெரியும். அந்தப் பக்கத்தை மூடிவிடாதீர்கள், இன்னொரு வேலைக்கும் அது உதவும். மானிட்டர் மெனுவில் ஓவர்டிரைவ் அல்லது ரெஸ்பான்ஸ் டைம் என்று ஒரு அமைப்பு இருக்கும். புள்ளிகள் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறும் வேகத்தை அது கூட்டுகிறது. மிகக் குறைவாக வைத்தால் பறக்கும் தட்டுக்குப் பின்னால் புகை போல ஒரு வால் இழுக்கும். உச்சத்தில் வைத்தால் தட்டின் ஓரத்தில் வெளிறிய ஒளிவட்டம் வரும். பெட்டியில் போட்டிருக்கும் '1 மில்லி விநாடி' என்ற விளம்பரம் பல நேரம் அந்த உச்ச அமைப்பில் எடுத்த கணக்கு. நடு அமைப்பில் தொடங்கி, வாலும் ஒளிவட்டமும் குறைவாகத் தெரியும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எஃப்.பி.எஸ்.ஸை எப்படிப் படிப்பது

வாலரண்டில் செட்டிங்ஸ், வீடியோ, அதற்குள் ஸ்டாட்ஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே கிளையண்ட் எஃப்.பி.எஸ். என்பதை எண்ணாகவும் வரைபடமாகவும் காட்டும்படி வையுங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இல் கேம் செட்டிங்ஸில் டெலிமெட்ரி பகுதியில் இதே வசதி உண்டு.

ஆளில்லாத இடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு 300 வருகிறது என்று மகிழ வேண்டாம். அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பத்துப் பேர் இருக்கும் ஒரு ஆட்டத்தில், புகைக் குண்டு வெடித்து, நான்கு திறன்கள் ஒரே நேரத்தில் விழுந்து, நீங்கள் சுட்டுக்கொண்டிருக்கும் அந்த இரண்டு விநாடியில் எண் எவ்வளவுக்கு இறங்குகிறது? அதுதான் உங்கள் உண்மையான எஃப்.பி.எஸ்.

இதை அளப்பதற்கு '1 சதவீத லோ' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வரைந்த படங்களில் மிக மெதுவாக வந்த ஒரு சதவீதப் படங்களின் வேகம் அது. சராசரி 220, 1 சதவீத லோ 70 என்று ஒரு கணினி. சராசரி 160, 1 சதவீத லோ 130 என்று இன்னொரு கணினி. இரண்டாவதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். முதல் கணினியில், எதிரி தெரிந்த அதே நொடியில் திரை ஒரு சின்னத் திக்கு திக்கும். உங்கள் கை ஒரு தாளத்துக்குப் பழகியிருக்கும்போது தாளமே மாறினால் குறி எப்படி நிற்கும்? இந்த வழிகாட்டியில் இனி வரும் எல்லாமே இந்தச் சீரான தாளத்துக்காகத்தான்.

யார் பின்தங்குகிறார்கள்?

கணினியில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு படத்தை வரைகிறார்கள். பிராசஸர், யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே போகிறது என்று கணக்குப் போட்டு, இதை வரை என்று சொல்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு அதை வரைகிறது. மெதுவாக இருப்பவர் வேகத்தில்தான் இருவரும் போக முடியும்.

யார் மெதுவானவர் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை: விளையாட்டின் தெளிவை 1080-இலிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்.பி.எஸ். நன்றாக ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டுதான் திணறிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட அதே எண் வந்தால் பிராசஸர்தான் திணறுகிறது, நீங்கள் கிராஃபிக்ஸை எவ்வளவு குறைத்தாலும் பலன் இல்லை. வாலரண்ட் சாதாரணக் கணினியிலும் ஓடவேண்டும் என்று கட்டப்பட்ட விளையாட்டு. அது கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதிக வேலை கொடுப்பதில்லை, ஆனால் பிராசஸரைப் பிழிந்தெடுக்கும். புதுக் கார்டு வாங்கியும் வாலரண்டில் எஃப்.பி.எஸ். ஏறவில்லை என்று சொல்கிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். கவுண்டர் ஸ்ட்ரைக் 2, பழைய கவுண்டர் ஸ்ட்ரைக்கைவிட இரண்டு பேரிடமும் அதிகம் கேட்கிறது. புகையும் தண்ணீரும் நிறைந்த இடங்களில் கார்டும் திணறும்.

காசு செலவில்லாமல் கணினியைச் சீர்செய்தல்

ரேமிலிருந்து தொடங்குங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கினால் வேகமும், எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்பதும் தெரியும். 3200 என்று எழுதி விற்ற ரேம் அங்கே 2133 அல்லது 2666 என்று காட்டினால் பதற வேண்டாம். மதர்போர்டு அதைப் பாதுகாப்பான மெதுவான வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறது. கணினி தொடங்கும்போது பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டு மெனு) போய் எக்ஸ்.எம்.பி. என்பதை இயக்கினால் வாங்கிய வேகம் கிடைக்கும். ஏ.எம்.டி. மதர்போர்டுகளில் அதற்கு டி.ஓ.சி.பி. அல்லது எக்ஸ்போ என்று பெயர் இருக்கலாம்.

16 ஜி.பி.யை ஒரே குச்சியாகப் போட்டிருந்தால், 8, 8 என இரண்டு குச்சியாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஒற்றைக் குச்சியில் தகவல் ஒரே பாதையில் போகிறது, இரண்டில் இரண்டு பாதை. பிராசஸர் திணறும் விளையாட்டுகளில் இது 1 சதவீத லோவை நன்றாகத் தூக்கிவிடும். இரண்டையும் மதர்போர்டு கையேடு சொல்லும் ஸ்லாட்டுகளில் போட வேண்டும். பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்.

லேப்டாப்பில் ஆடுகிறீர்களா? சார்ஜர் செருகியிருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது பிராசஸரின் வேகமும் கார்டின் வேகமும் வெகுவாக இறங்கிவிடும். கூடவே லேப்டாப் நிறுவனத்தின் மென்பொருளில் பெர்ஃபாமன்ஸ் மோடு இருக்கும், அதைப் போடுங்கள். பல லேப்டாப்புகளில் கார்டு வரைந்த படம் பிராசஸரின் கிராஃபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும். மக்ஸ் ஸ்விட்ச் உள்ள லேப்டாப்பில் அந்தச் சுற்றுவழியைத் தவிர்க்கலாம். அதே மென்பொருளில் 'டிஸ்க்ரீட் மட்டும்' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும்.

சூடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் எஃப்.பி.எஸ். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால், அது செட்டிங்ஸ் கோளாறு இல்லை, சூடு. பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. நம் ஊர்க் கோடையில், ஏ.சி. இல்லாத அறையில் இது சர்வசாதாரணம். கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். தூசியைத் துடையுங்கள். லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வையுங்கள், மெத்தை மேல் வைத்து ஆடவே ஆடாதீர்கள். வாலரண்டில் மெனுவில் இருக்கும்போதும், விளையாட்டின் ஜன்னல் வேறு ஜன்னலுக்குப் பின்னால் போய்விட்டபோதும் எஃப்.பி.எஸ்.ஸைக் குறைக்கும் வசதி இருக்கிறது. மெனுவுக்கு 60, பின்னணிக்கு 30 என்று வைத்தால் ஆட்டம் தேடிக் காத்திருக்கும் நேரத்தில் கணினி சற்று ஆறும்.

பின்னணியில் ஓடும் பிரவுசர், பதிவு செய்யும் மென்பொருள், ஓவர்லே (விளையாட்டின் மேல் மிதக்கும் பெட்டிகள்) இவற்றை மூடுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த பின் முதல் ஓரிரு ஆட்டம் திக்கித் திக்கி ஓடினால் பயப்பட வேண்டாம், ஷேடர்களை (ஒளியையும் நிழலையும் எப்படி வரைவது என்று கார்டுக்குச் சொல்லும் சின்ன நிரல்கள்) மறுபடி தயாரித்துக்கொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதை மனதாரச் சொல்கிறேன். வீடியோக்களின் கீழே 'எஃப்.பி.எஸ். பூஸ்ட் பேக்' என்று கொடுக்கும் கோப்புகளை இறக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பாதுகாப்பு மென்பொருளை அணைக்கச் சொல்கிறது என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஐந்து எஃப்.பி.எஸ்.ஸுக்காகக் கணக்கையும் கடவுச்சொல்லையும் பறிகொடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இப்போது விளையாட்டுக்குள்

வாலரண்டில் முடிவெடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. டிஸ்ப்ளே மோடு ஃபுல்ஸ்கிரீன். மல்டித்ரெடட் ரெண்டரிங் என்ற தேர்வு உங்கள் கணினியில் தெரிந்தால் ஆன் செய்யுங்கள், பிராசஸரின் பல கோர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும், முக்கியமானது இதுதான். மெட்டீரியல், டீட்டெயில், யு.ஐ. தரம் மூன்றும் லோ. விக்னெட், வி சிங்க், புளூம், டிஸ்டார்ஷன், காஸ்ட் ஷேடோஸ் எல்லாம் ஆஃப். டெக்ஸ்சரைக் கார்டு தாங்கினால் கூட்டிக்கொள்ளலாம். ஓரங்களை மழுமழுப்பாக்கும் ஆன்ட்டி ஏலியாசிங்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அணைக்காதீர்கள். தூரத்தில் நிற்கும் எதிரியின் தலை ஓரம் படிக்கட்டு போல உடைந்து தெரிந்தால், கார்டுக்குத் தெம்பு இருக்கிறது என்றால், அதன் ஒரு வகையான எம்.எஸ்.ஏ.ஏ.வை 2 அல்லது 4 என்று போட்டுப் பாருங்கள். பிராசஸர் திணறும் கணினியில் இதனால் எஃப்.பி.எஸ். பெரிதாக இறங்காது.

கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இல் 'எல்லாம் லோ' என்ற பழக்கம் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். அங்கே நிழல் ஒரு தகவல். எதிரி மூலைக்கு வருமுன் அவன் நிழல் தரையில் வந்துவிடும். குளோபல் ஷேடோ குவாலிட்டியை மிகக் குறைத்தால் அது மங்கும். டைனமிக் ஷேடோஸ் என்ற அமைப்பில் 'சன் ஒன்லி', 'ஆல்' என்று இரண்டு தேர்வுகள் உண்டு. 'ஆல்' வைத்தால் சூரிய ஒளியில் மட்டுமல்ல, விளக்கொளியில் விழும் நிழலும் தெரியும். உங்கள் கணினி தாங்குமானால் ஷேடோவை நடுத்தரமாகவோ அதற்கு மேலாகவோ, டைனமிக் ஷேடோஸை 'ஆல்' என்றும் வையுங்கள். பூஸ்ட் பிளேயர் கான்ட்ராஸ்ட் ஆன், அது ஆட்களைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும். ஷேடர், பார்ட்டிகிள், ஆம்பியன்ட் ஒக்ளூஷன் மூன்றையும் குறைக்கலாம். ஃபிடெலிட்டி எஃப்.எக்ஸ். என்பதைத் தேவையில்லாமல் போடாதீர்கள். அது குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்குகிறது, தூரத்துத் தலை குழம்பிப்போகும். மிகப் பழைய கார்டு என்றால் மட்டும் யோசியுங்கள்.

புதுக் கார்டுகளில் வரும் ஃப்ரேம் ஜெனரேஷன் பற்றியும் கேட்பார்கள். இரண்டு உண்மையான படங்களுக்கு நடுவே கார்டு ஒரு படத்தைக் கற்பனை செய்து சேர்ப்பது அது. எண் ஏறும், கண்ணுக்கும் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் நடுவில் சேர்க்க வேண்டுமென்றால் அடுத்த உண்மையான படம் வரும்வரை காத்திருக்க வேண்டும், ஆகவே உங்கள் சொடுக்குக்குப் பதில் தாமதமாகத்தான் தெரியும். கதை விளையாட்டுகளுக்கு நல்லது. போட்டி ஆட்டத்துக்கு வேண்டாம்.

வி சிங்க், எஃப்.பி.எஸ். வரம்பு, ரிஃப்ளெக்ஸ்

மானிட்டர் ஒரு படத்தைப் பாதி காட்டியிருக்கும்போது அடுத்த படம் வந்துவிட்டால், திரை நடுவில் வெட்டியது போல ஒரு கோடு தெரியும். அதற்கு டியரிங் என்று பெயர். வி சிங்க் அதைத் தடுக்க, முடிந்த படத்தை மானிட்டர் தயாராகும்வரை வரிசையில் நிறுத்துகிறது. வரிசை என்றால் தாமதம். மவுஸை இழுக்கும்போது தண்ணீருக்குள் கை அசைப்பது போல ஒரு கனம் தெரியும். அதனால்தான் வி சிங்கைத் தனியாகப் போடாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

வரிசை இன்னொரு இடத்திலும் நிற்கும். கிராஃபிக்ஸ் கார்டு 99 சதவீதம் உழைக்கும்போது பிராசஸர் அனுப்பும் வேலைகள் அதன் வாசலில் குவிந்துகொண்டே இருக்கும். எஃப்.பி.எஸ். எண் நன்றாக இருந்தும் மவுஸ் மந்தமாகத் தோன்றினால் காரணம் இதுவாக இருக்கலாம். என்விடியா 2020-இல் கொண்டுவந்த ரிஃப்ளெக்ஸ் இந்தக் குவியலைக் குறைக்கிறது. வாலரண்டிலும் கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இலும் வீடியோ செட்டிங்ஸிலேயே இருக்கிறது, என்விடியா கார்டு இருந்தால் 'ஆன்' செய்துவிடுங்கள். 'ஆன் பிளஸ் பூஸ்ட்' கார்டைச் சூடாக்கும், லேப்டாப்பில் வெறும் ஆன் போதும்.

ஏ.எம்.டி. கார்டு வைத்திருப்பவர்கள் ஒரு பழைய சம்பவத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 2023 அக்டோபரில் ஏ.எம்.டி.யின் ஆன்ட்டி லேக் பிளஸ் என்ற வசதி டிரைவர் வழியாகக் கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இன் கோப்புகளுக்குள் கை வைத்தது. விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு அதை ஏமாற்று மென்பொருள் என்று எடுத்துக்கொண்டது. செட்டிங்ஸில் ஒரு பொத்தானை அழுத்தியவர்கள் தடை செய்யப்பட்டார்கள். ஏ.எம்.டி. அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது, கவுண்டர் ஸ்ட்ரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனம் தடைகளை நீக்கியது. 2024-இல் வந்த ஆன்ட்டி லேக் 2 விளையாட்டுக்குள்ளேயே முறைப்படி சேர்க்கப்பட்டது, அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். விளையாட்டின் மெனுவில் இருக்கும் அமைப்பை நம்புங்கள். வெளியிலிருந்து விளையாட்டுக்குள் நுழையும் எதையும், யார் செய்தது என்றாலும், யோசித்துப் போடுங்கள்.

எஃப்.பி.எஸ்.ஸுக்கு வரம்பு வைக்கலாமா? இரண்டு வழி இருக்கிறது, உங்கள் கணினியைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் கணினி, சண்டை நேரத்திலும் மானிட்டரின் ஹெர்ட்ஸைவிட நன்றாக மேலே நிற்கிறதா? அப்படியென்றால் சிங்க் எல்லாவற்றையும் அணையுங்கள், ரிஃப்ளெக்ஸ் ஆன். 144 ஹெர்ட்ஸ் திரையில் 300 எஃப்.பி.எஸ். வீண் என்று நினைக்காதீர்கள், திரை புதுப்பிக்கும் நொடியில் கையில் இருக்கும் படம் இன்னும் புதியதாக இருக்கும். ஆனால் 300-க்கும் 180-க்கும் இடையே குதித்துக்கொண்டே இருந்தால், எப்போதும் தாங்கும் ஒரு எண்ணில், உதாரணமாக 180-இல், வரம்பு வைத்துப் பாருங்கள். உச்சம் குறையும், தாளம் சீராகும்.

கணினி 90-க்கும் 140-க்கும் இடையே அலைகிறது என்றால் ஜி சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் உங்களுக்கானது. மானிட்டரே கார்டின் வேகத்துக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். மானிட்டர் மெனுவிலும் டிரைவரிலும் இரண்டு இடத்திலும் ஆன் செய்ய வேண்டும். இதன் கூடவே, என்விடியா கண்ட்ரோல் பேனலில் மட்டும் வி சிங்கைப் போட்டு, விளையாட்டில் ரிஃப்ளெக்ஸை ஆன் செய்தால், 144 ஹெர்ட்ஸ் திரையில் எஃப்.பி.எஸ். தானாக 138-க்குப் பக்கத்தில் நின்றுகொள்ளும். உச்சத்தைத் தொடாததால் வி சிங்கின் வரிசை உருவாகாது, டியரிங்கும் இருக்காது. அக்கா மகன் கணினிக்கு இதைத்தான் வைத்துக் கொடுத்தேன்.

4:3 இழுத்த திரை வேண்டுமா?

கவுண்டர் ஸ்ட்ரைக் தொழில்முறை வீரர்கள் பலர் 1280க்கு 960 தெளிவில், 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்து ஆடுகிறார்கள். பார்த்துவிட்டு எல்லோரும் மாற்றுகிறார்கள். என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்று தெரிந்து மாற்றுங்கள். எதிரி உருவம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகத் தெரியும். ஆனால் அவன் திரையில் பக்கவாட்டில் ஓடுவதும் அதே அளவு வேகமாகத் தெரியும். 16:9-இல் கிடைமட்டமாகச் சுமார் 106 டிகிரி பார்ப்பீர்கள், 4:3-இல் 90தான். அந்த 16 டிகிரியில் ஒருவன் நின்றிருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. வரைய வேண்டிய புள்ளிகள் குறைவதால் பலவீனமான கார்டில் எஃப்.பி.எஸ். ஏறும், அது உண்மையான லாபம். பல வீரர்கள் இதை வைத்திருப்பது பழைய காலத்திலிருந்து கண் பழகிவிட்டதால். புதியவருக்கு அந்தப் பழக்கம் இல்லை, 16:9-இலேயே தொடங்குங்கள். வாலரண்டில் எதிரி உருவம் இப்படி அகலமாகாது, அங்கே இழுத்து ஆடுவதில் லாபமே இல்லை.

நிறமும் வெளிச்சமும்

வாலரண்டில் எதிரியைச் சுற்றியிருக்கும் கோட்டின் நிறம் இயல்பாகச் சிவப்பு. ஜெனரல் செட்டிங்ஸில் மஞ்சள் அல்லது ஊதாவுக்கு மாற்றலாம். மஞ்சளை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், பழுப்புச் சுவர்களுக்கு எதிரே சிவப்பைவிடச் சட்டென்று கண்ணில் படும் என்பது என் அனுபவம். நிறக்குருடு உள்ளவர்களுக்காக வைத்த வசதி அது, ஆனால் எல்லோருக்கும் பயன்படும்.

என்விடியா கண்ட்ரோல் பேனலில் டிஜிட்டல் வைப்ரன்ஸ் இயல்பாக 50-இல் இருக்கும். 60, 70 வரை கூட்டினால் ஆட்கள் பளிச்சென்று தெரிவார்கள். மானிட்டர் மெனுவில் இருண்ட பகுதிகளை மட்டும் வெளிச்சமாக்கும் ஒரு அமைப்பு இருக்கும், பென்க்யூவில் பிளாக் ஈக்வலைசர் என்பார்கள், மற்றவற்றில் வேறு பெயர். கொஞ்சமாக ஏற்றுங்கள், அதிகமானால் எல்லாமே சாம்பல் பூசியது போலாகி எதிரியும் அதில் கரைந்துவிடுவான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு முழு வெளிச்சத் திரையைப் பார்க்காதீர்கள். அறையில் ஒரு சின்ன விளக்காவது இருக்கட்டும்.

எஃப்.பி.எஸ். நன்றாக இருந்தும் ஆட்கள் விட்டுவிட்டு நகர்கிறார்களா?

அது திரைக் கோளாறு இல்லை, இணையம். வாலரண்டின் அதே ஸ்டாட்ஸ் பகுதியில் நெட்வொர்க் ஆர்.டி.டி. (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்), பாக்கெட் லாஸ் (வழியில் தொலையும் தகவல்) இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். எஃப்.பி.எஸ். கோடு நேராக இருந்து பாக்கெட் லாஸ் துள்ளினால், கிராஃபிக்ஸைக் குறைத்துப் பயனில்லை. வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுங்கள், நீங்கள் ஆடும் சர்வர் மும்பையில் இருக்கிறதா சிங்கப்பூரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று டெத்மேட்ச் ஆடிப் பார்த்து, எண்ணைக் குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. செட்டிங்ஸ் பக்கத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைப்பதும் நல்லது. பெரிய விண்டோஸ் அப்டேட்டோ டிரைவர் மாற்றமோ முடிந்தபின் ரெஃப்ரெஷ் ரேட் சில நேரம் பழையபடி 60-க்கே போய் நிற்கும். போன மாதம் அக்கா மகன் மறுபடி அழைத்தான். "மாமா, வழுக்கல் போயிடுச்சு" என்றவன், நான் கேட்பதற்குள்ளேயே, "இருங்க, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேவைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.